நிலக்கரியில் லித்தியம்

நிலக்கரிப் படுகைகளில் மிக நுண்ணிய அளவில் கலந்துகிடக்கும் லித்தியம், சில இடங்களில் தாதுவாகக் கருதத்தக்க அளவுக்குச் செறிந்திருக்கிறது. உலக நிலக்கரிகளின் சராசரியில் டன்னுக்குச் சுமார் 12 கிராம் லித்தியம் உண்டு. இது புவியோட்டின் மேற்பகுதியில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். சீனாவின் உள் மங்கோலியாவிலுள்ள ஜுங்கார் நிலக்கரி வயலிலோ, குவான்பன்வூசு சுரங்கத்தின் 6ஆம் அடுக்கில் சராசரியே டன்னுக்கு 175 கிராம். இந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

1817இல் ஸ்வீடனின் ஊட்டோ தீவிலிருந்து வந்த பெட்டலைட் கனிமத்தை ஆராய்ந்த யோஹான் ஆர்ஃப்வெட்சன் அதில் லித்தியத்தைக் கண்டறிந்தார். அந்தத் தனிமத்தை 1860இல் புன்சனும் கிர்க்காஃபும் நிறமாலைமானியின் உதவியால் புகையிலைச் சாம்பலிலும் கண்டார்கள். செடிகொடிகளில் லித்தியம் உண்டு என்பது அப்போது உறுதியாயிற்று. நிலக்கரி மக்கிய தாவரத்திலிருந்து பிறந்தது. ஆகவே அதிலுள்ள லித்தியமும் தாவரத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு.

அந்த எண்ணத்துக்கு வலுவான கோட்பாட்டைத் தந்தவர் புவிவேதியியலாளர் விக்டர் கோல்ட்ஷ்மிட். 1930இல் நிலக்கரிச் சாம்பலில் ஜெர்மானியம் செறிந்திருப்பதை அவர் காட்டினார். 1933இல் பீட்டர்ஸுடன் சேர்ந்து, நிலக்கரியில் அரிய தனிமங்கள் செறிவதைப் பற்றி விரிவாக எழுதினார். மரவேர்கள் மண்ணிலிருந்து உறிஞ்சும் தனிமங்கள் இலைகளில் தங்கி, சருகு மக்கும்போது மட்கில் சேர்கின்றன என்பது அவர் தந்த விளக்கங்களுள் ஒன்று. ஜெர்மானியம் கரிமப் பொருளோடு பிணைந்தே கிடப்பதும் பின்னர் உறுதியானது. லித்தியத்தின் வழி வேறு. பெரும்பாலான நிலக்கரிகளில் அது அலுமினோசிலிகேட் கனிமங்களில்தான், அதாவது களிமண்ணில்தான், தங்கியிருக்கிறது.

இதற்குக் காரணம் அயனியின் அளவு. லித்தியம் அயனியின் ஆரம் மக்னீசியம் அயனியின் ஆரத்தை ஒட்டியது. அதனால் குளோரைட், ஸ்மெக்டைட் போன்ற அடுக்குக் கனிமங்களில் மக்னீசியம் உட்காரும் இடத்தில் லித்தியமும் உட்காரும். கயோலினைட் என்னும் களிமண் கனிமத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். தாவரத்தின் பங்கு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சில நிலக்கரிகளில் கரிமப் பொருளோடும் ஒரு பகுதி சேர்ந்திருக்கிறது. ஆனாலும் செறிவை உண்டாக்குவது களிமண்தான்.

ஜுங்கார் இதற்கு நல்ல சான்று. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், கார்பனிபெரஸ் காலத்தின் இறுதியில், அங்கே சதுப்புக் காடுகள் இருந்தன. வடக்கே யின்ஷான் மலைத்தொடரின் கிரானைட் பாறைகளும், வடகிழக்கே மேலெழுந்து காற்றிலும் மழையிலும் சிதைந்த பாக்சைட் மேடும் அந்தச் சதுப்புக்கு வண்டல் தந்தன. அலுமினியம் நிறைந்த அந்த வண்டலால் அங்குள்ள நிலக்கரியில் போமைட் என்னும் கனிமம் வழக்கத்துக்கு மாறான அளவில் காணப்படுகிறது. அலுமினியத்தோடு காலியமும் லித்தியமும் வந்து சேர்ந்தன. நிலக்கரி அடுக்குகளுக்கு இடையேயுள்ள களிப்பட்டைகளை நிலத்தடி நீர் கரைத்து, அந்தத் தனிமங்களைக் கீழுள்ள கரிக்கு இறக்கியதும் உண்டு.

எல்லா வயல்களுக்கும் இதே கதை பொருந்தாது. தென்மேற்குச் சீனாவில் எரிமலைச் சாம்பல் சதுப்பில் விழுந்து களிமண்ணாக மாறிய மெல்லிய பட்டைகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். ஷான்ஷி மாநிலத்தின் ஜின்செங் வயலில், ஆந்த்ரசைட்டாக முற்றிய கரிக்குள் குக்கைட் என்னும் லித்தியக் குளோரைட்டே கிடைத்தது. சூடான திரவங்கள் ஊடுருவியதன் அடையாளம் அது. ஒரு வயலின் விளக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்துபவர்கள் தவறான இடத்தில் துளையிடுவார்கள்.

நிலக்கரியிலுள்ள லித்தியச் செறிவு இத்தனை காலம் கவனத்துக்கு வராமல் போனதற்கு ஆய்வுக்கருவியும் ஒரு காரணம். லித்தியம் மிக இலேசான அணு. எந்தத் தனிமம் எந்தக் கனிமத்தில் இருக்கிறது என்று பார்க்க, ஆய்வகங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்-கதிர் முறைகளின் கண்ணுக்கு அது அகப்படாது. கரியைக் கரைத்துப் பிளாஸ்மா நிறமாலைமானியில் அளந்தால் மொத்த அளவு தெரியும். எந்தத் துகளில் இருக்கிறது என்பது தெரியாது. 2000க்குப் பின் சீன ஆய்வாளர்கள் ஜுங்காரையும், ஷான்ஷியின் நிங்வூ வயலிலுள்ள பிங்ஷுவோ சுரங்கங்களையும் அடுக்கடுக்காக அளந்தபோதுதான் செறிவின் பரப்பு புலப்பட்டது. டன்னுக்கு 120 கிராம் இருந்தால் பிரித்தெடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்ற அளவுகோலும் அந்த ஆய்வுகளில்தான் முன்வைக்கப்பட்டது.

தாது என்ற பெயர் பொருந்துவது கரியைவிடச் சாம்பலுக்கே. லித்தியம் எளிதில் ஆவியாகாது. கரி எரிந்தபின் பெரும்பகுதி சாம்பலிலேயே நிற்கும். கரியின் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சுமானால், டன்னுக்கு 175 கிராம் என்பது சாம்பலில் 900 கிராமை நெருங்கும். ஆனால் உலையின் வெப்பத்தில் களிமண் உருகிக் கண்ணாடியாகி லித்தியத்தைத் தன்னுள் பூட்டிவிடுகிறது. ஒரு பகுதி முல்லைட் படிகங்களோடு தங்குகிறது. நீரில் ஊறவைத்தால் வராது. காரத்தால் சிலிக்காவை முதலில் நீக்கியோ, அமிலத்தால் கரைத்தோ, சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுட்டோதான் வெளியே கொண்டுவர முடியும். கிடைக்கும் கரைசலில் அலுமினியம் மிகுதியாகவும் லித்தியம் மிகக் குறைவாகவும் இருக்கும். லித்தியத்துக்காக மட்டும் இவ்வளவு செலவு செய்வது இன்றைய நிலையில் கட்டுப்படியாகாது. சாம்பலிலிருந்து அலுமினா எடுக்கும் ஆலையில், அந்த ஆலைக் கரைசலிலிருந்து உறிஞ்சுபொருள்களால் லித்தியத்தைத் துணைப்பொருளாகப் பிடிப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி.