கலத்தின் உட்புறம்

பூம்புகாருக்குச் செல்லும் நம்மவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இந்தியத் தொல்லியல் துறை 1963 முதல் 1973 வரை அங்கு நடத்திய அகழாய்வுகளில் கீழையூரில் செங்கல் படகுத்துறை வெளிப்பட்டது. கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் கிடைத்தன. அக்கறுப்பு சாயமன்று. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப் புகாத உட்புறம் கறுத்தது, வெளிப்புறம் சிவந்தது. உணவைத் தொட்ட பக்கத்தில் மண்ணும் நெருப்புமன்றி வேறொன்றும் இல்லை.

யவனர் கொணர்ந்த சாடிகள் வேறு வகை. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் அவற்றின் துண்டுகள் கிடைத்தன. மது ஏற்றிய சாடிகளுக்குக் கசிவைத் தடுக்க உள்ளே கீல் பூசுவது அவர்கள் வழக்கம். இதைப் படிக்கும்போது அப்துல் கைஸ் குலத்தாரின் தூதுக்குழுவைப் பற்றிய ஹதீஸ் நமக்கு நினைவுக்கு வரும். நபி (ஸல்) அவர்கள் அக்குழுவினருக்குத் தடுத்த நான்கு கலங்களுள் தார் பூசிய கலமும் ஒன்று. அவற்றில் ஊறவைத்த பானம் அறியாமலேயே போதையேறிவிடும் என்பதே காரணமென்பர். கலங்களின் மீதான தடை பின்னர் நீங்கியது, போதையின் மீதான தடையே நிலைத்தது என்பது பெரும்பான்மை அறிஞர் கருத்து.

நம் ஊர்களில் உட்பூச்சு என்றால் ஈயம்தான். செம்பு, பித்தளைக் கலத்தில் புளியோ தயிரோ எலுமிச்சையோ பட்டால் களிம்பு ஏறும். உண்டவருக்குக் குமட்டலும் வயிற்றுவலியும் வரும். ஆகவே ஷஅபான் மாதத்தில் நோன்புக் கஞ்சி அண்டாவும் பிரியாணித் தேக்சாவும் ஈயம் பூசுவோரிடம் செல்லும். துருத்தி ஊதி, நவச்சாரத்தைத் தூவி, உருகிய ஈயத்தைப் பஞ்சால் தேய்க்கும்போது செம்பு ஒரு நொடியில் வெள்ளியாகும். சிறுவயதில் அந்தப் புகையருகே மணிக்கணக்கில் நின்றிருக்கிறோம்; நின்றிருக்கக் கூடாது என்பது பின்னரே தெரிந்தது.

இடர் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். முதல் நூற்றாண்டின் கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், முசிறியில் இறங்கிய சரக்குகளில் இவ்விரண்டையும் தனித்தனியே குறிக்கிறது. நாமோ இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோம். வெள்ளீயம் உணவுக்குப் பெரும்பாலும் தீங்கற்றது. காரீயம் நஞ்சு. பாதுகாப்பான அளவென்று காரீயத்துக்கு எதுவுமில்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். காரீயக் குழாயைவிட மண்குழாய் நீரே உடலுக்கு நல்லது என ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே எழுதினார். அவர் நாட்டினரோ திராட்சைச் சாற்றைக் காரீயக் கலத்தில் காய்ச்சி, அதன் இனிப்பில் மகிழ்ந்தனர்!

காரீயம் மலிவு என்பதால் பூச்சிலும் ரசம் வைக்கும் ஈயச்சொம்பிலும் அது கலந்துவிடக்கூடும். கலப்பைக் கண்ணால் காண இயலாது. ஆய்வகச் சோதனை வேண்டும். தூய்மைக்குச் சான்று தராத கடையில் ஈயச்சொம்பு வாங்காதிருப்பதே நல்லது. நல்ல சொம்பும் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால்தான் நம் உம்மாமார் நீர் ஊற்றாமல் அதை அடுப்பில் ஏற்றியதில்லை. பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் மறுபடி பூசும் வரை அக்கலத்தில் சமைக்க வேண்டாம். ஈயம் பூசாத செம்பு, பித்தளைக் கலங்களை இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளும் ஏற்பதில்லை. மீந்த புளிக்குழம்பை எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ மாற்றி மூடிவையுங்கள். ஒட்டாத வாணலிக்கும் உட்பூச்சே உயிர்; அதை வெறுமனே காயவிட்டால் 260 டிகிரிக்கு மேல் பூச்சு சிதைந்து நச்சுப்புகை எழும்.

சூடான நோன்புக் கஞ்சியை நெகிழிப் பையில் வாங்கிச் செல்வதை இன்னமும் பார்க்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் அப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடையுண்டு. பிள்ளைகளிடம் மூடியுள்ள தூக்குவாளியைக் கொடுத்தனுப்பலாம்.

சென்ற ஷஅபானில் எங்கள் மஹல்லா அண்டாவுக்குச் சான்றிதழோடு கூடிய வெள்ளீயக் கட்டியை நாங்களே வாங்கிக் கொடுத்தோம். பூசுகூலியைவிட ஈயத்தின் விலை அதிகமாக இருந்ததால் ஜமாஅத் கூட்டத்தில் சிறிது வாக்குவாதமும் எழுந்தது.