பீன்யா துயர் எச்சரிக்கை மையம்

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டைப் பகுதியில், இஸ்ரோவின் செயற்கைக்கோள் கண்காணிப்பு வலையமைப்பான இஸ்ட்ராக்கின் வளாகத்தில் இயங்கும் இந்தியக் கட்டுப்பாட்டு மையம். கடலிலோ வானிலோ ஆபத்தில் சிக்கியவர்களின் கருவி அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அபாயக் குறிப்பைச் செயற்கைக்கோள் வழியாகப் பெற்று, மீட்போருக்கு உடனே தெரிவிக்கிறது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்ஸ் ஆகியவை தொடங்கிய காஸ்பாஸ்-சார்சாட் வலையமைப்பின் அங்கம் இது. இலங்கை, மாலத்தீவு, வங்கதேசம் முதலிய அண்டை நாடுகளுக்கும் சேவை தருகிறது.

கடல் விபத்து என்றால் செய்தி மும்பை, சென்னை, போர்ட் பிளேரில் உள்ள கடலோரக் காவல்படை மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்குப் போகும். காவல்படை டோர்னியர் விமானங்களையும் ரோந்துக் கப்பல்களையும் அனுப்பும். அருகில் செல்லும் சரக்குக் கப்பலையும் திருப்பிவிடும். தேவை பெரிதானால் கடற்படையும் விமானப்படையும் சேரும். விமான விபத்துகளை விமான நிலைய ஆணையத்தின் மையங்கள் கவனிக்கின்றன.

2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலின்போது மூன்று படைகளும் தேடின. ஆயினும் ஆழ்கடலுக்குப் போயிருந்த, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆகிய குமரி மாவட்ட மீனவ ஊர்களின் படகுகள் பலவற்றை எட்ட வழியிருக்கவில்லை. எத்தனை கப்பல் இருந்தாலும், எங்கே தேடுவது என்பதைச் சொல்ல ஒரு குறிப்பு வேண்டும்.

இஸ்ரோ 2024 ஜனவரியில் மீனவர்களுக்காக அறிவித்த இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவி, அந்தக் குறிப்பை அனுப்புவதில் முக்கியமான முன்னேற்றம். பழைய கருவியில் பொத்தானை அழுத்திய மீனவருக்குத் தன் குரல் எட்டியதா என்று தெரியாது. புதியதில் பீன்யாவிலிருந்து ஒப்புதல் செய்தி படகுக்கே திரும்பி வருகிறது.