மாத்திரையும் மாதரும்

மாதவிடாய் ஓயும் பருவத்தில் உடல் தகிப்பதையும் உறக்கம் கெடுவதையும் நம் இல்லத்துப் பெண்கள் வாய்திறவாது பொறுத்ததை நாம் அறிவோம். இதற்கு மாற்றாக, சினைக்குதிரைகளின் சிறுநீரினின்று எடுத்த ஈஸ்ட்ரோஜன் அடங்கிய ‘பிரிமாரின்’ 1942-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 1966-இல் ராபர்ட் வில்சன் என்னும் மருத்துவர், ஈஸ்ட்ரோஜனால் பெண்மை குன்றாது நிலைக்குமென நூல் எழுதினார், பலர் நம்பினர்.

1975-இல் இம்மருந்துக்கும் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்தது. தடுக்கப் புரொஜெஸ்டின் சேர்த்தனர். நின்ற உதிரப்போக்கு சிலருக்குத் திரும்பிற்று. 16,608 பெண்களிடம் இவ்விரு மருந்துகளையும் சோதித்த ஆய்வு, மார்பகப் புற்றுநோய் மிகுந்ததால் 2002-இல் இடையில் நிறுத்தப்பட்டது. அஞ்சி மருந்தை விட்டவர் பலருக்குத் தகிப்பு மீண்டது.

ஆய்விலிருந்தோரின் சராசரி வயது ஏறத்தாழ 63. ஐம்பதையொட்டித் தொடங்குவோர்க்கு அபாயம் குறைவெனப் பின்னரே தெளிந்தது. ஆகவே, வயதும் உடல்நிலையும் அறிந்த மருத்துவரோடு அவரவர் முடிவு செய்தலே நன்று.