மின்பகுப்பு கடந்து வந்த பாதை

புங்குடுதீவின் மேற்குக் கரையிலே குறிகட்டுவான் இறங்குதுறை அமைந்துள்ளது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் படகேறும் துறை அது. கடற்காற்றுப் பட்ட இரும்பு எவ்வளவு விரைவில் துருவேறும் என்பதை அங்கு வாழும் சிறுவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உப்பு நீர் உலோகத்தை அரித்துவிடுகின்றது. ஆயின், உப்பு வகையொன்றைக் கரைத்த நீரினூடே மின்னைச் செலுத்தினால், ஓர் உலோகத்தின்மீது மற்றோர் உலோகத்தைப் படியச் செய்யவும் இயலும். முன்னையது அழிவு, பின்னையது ஆக்கம். இரண்டிற்கும் அடிப்படையான இரசாயன நியதி ஒன்றே.

மின்பகுப்பு, மின்முலாமிடல் என்னும் பெயர்களால் இன்று பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் இப்பாடத்திற்கு இரு நூற்றாண்டுகளைக் கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்த மாணவனுக்கே, இதுபற்றி ஓர் ஆய்வினைத் திட்டமிடும் முறையும் நன்கு விளங்கும்.

இத்தாலியரான வோல்ற்றா தமது மின்னடுக்கினை உலகிற்கு அறிவித்தது 1800ஆம் ஆண்டில். அதே ஆண்டில் இலண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அத்தகைய அடுக்கொன்றின் கம்பிகளை நீரில் இட்டு, நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிவதைக் கண்டனர். 1805இல் புருநாதெல்லி என்பார் வெள்ளிப் பதக்கங்களுக்கு மின்னால் பொன் முலாம் இட்டார். 1807இல் அம்பிரி டேவி பொற்றாசியத்தையும் சோடியத்தையும் மின்னின் துணையாற் பிரித்தெடுத்தார். இவை யாவும் வியத்தகு செயல்கள். எனினும், எவ்வளவு மின் எவ்வளவு பொருளைப் பிரிக்கும் என்னும் வினாவிற்கு அப்போது விடை இருக்கவில்லை.

அவ்விடையைத் தந்தவர் டேவியின் உதவியாளராய் இருந்த மைக்கல் பரடே. கொல்லரின் மகனாய்ப் பிறந்து, நூல் கட்டும் தொழில் பயின்று, விஞ்ஞானத்தைத் தாமே தேடிக் கற்றவர் அவர். செலுத்திய மின்னின் கணியத்திற்கு ஏற்பவே படியும் பொருளின் திணிவும் அமையும் என்பதை 1830களில் அவர் அளந்து நிறுவினார். வியப்பு அளவாக மாறியது, அளவு விதியாயிற்று.

புதிய பொருளுக்குப் புதிய சொல்லும் வேண்டியிருந்தது. கேம்பிரிட்சு அறிஞர் வில்லியம் ஹியூவெல் கிரேக்க மொழியிலிருந்து ஆக்கிக் கொடுத்த சொற்களைப் பரடே 1834இல் வழங்கினார். அனோட்டு என்பது மேலேறும் வழி. கதோட்டு என்பது கீழிறங்கும் வழி. அயன் என்பது செல்வது. ஆங்கிலேயருக்கும் அன்று அவை அந்நியச் சொற்களே என்பதை மறத்தலாகாது.

தமிழிலும் இத்தகைய முயற்சி யாழ்ப்பாணத்திலே நிகழ்ந்தது. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவக் கல்வியை நடத்தினார். தமிழில் மருத்துவம் பயின்றோரே தமிழ் மக்களிடையே தங்கித் தொண்டாற்றுவர் எனக் கருதி, 1860களில் தமிழ் வழியே கற்பிக்கத் தொடங்கினார். அவரது நூல் வரிசையில் ஒன்றாக இரசாயனம் பற்றிய 'கெமிஸ்தம்' 1875இல் வெளியாயிற்று. பின்னர் 1950களிலும் 1960களிலும் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் விஞ்ஞானக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. கிராமத்துப் பிள்ளையும் தன் தாய்மொழியிலே இரசாயனம் பயில்வதற்கு அது வழி செய்தது.

சொல்லைத் தொடர்ந்து தொழிலும் வந்தது. ஆனையிறவு உப்பளத்திற்கு அண்மையில், பரந்தனில், 1950களில் அரசின் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. உப்புக் கரைசலை மின்பகுத்து எரிசோடாவும் குளோரீனும் அங்கே ஆக்கப்பட்டன. எரிசோடா சவர்க்காரத்திற்கும், குளோரீன் குடிநீரைச் சுத்திகரிப்பதற்கும் பயன்படுவன. போரின் காரணமாக 1980களின் நடுப்பகுதியில் அத்தொழிற்சாலையின் இயக்கம் நின்றது. வடபுலத்தின் உப்பு மின்னால் செல்வமாகக்கூடும் என்பதை அது காட்டிச் சென்றது.

இனி, பாடசாலையில் ஓர் ஆய்வு எவ்வாறு திட்டமிடப்படல் வேண்டும்? பரடேயின் வினாவையே மாணவனும் எழுப்பலாம்: மின்னோட்டம் மாறாதிருக்க, நேரத்தை இரட்டித்தால் படியும் செம்பும் இரட்டிக்குமா? செப்புச் சல்பேற்றுக் கரைசலில் இரு செப்புத் தகடுகளை நிறுத்தி, மின்கல அடுக்கு, அம்பியர்மானி, மாறுந் தடை ஆகியவற்றை இணைத்தல் வேண்டும். நேரம் ஒன்றே மாறலாம். கரைசலின் செறிவும், தகடுகளின் பரப்பும், இடைத்தூரமும் மாறுதல் கூடாது. தகடுகளை முன்னும் பின்னும் கழுவி, உலர்த்தி, நிறுக்க வேண்டும். கதோட்டு பெற்றதும் அனோட்டு இழந்ததும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லதொரு சோதனை.

கணக்கினை முன்னரே செய்து பார்த்தல் அவசியம். அரை அம்பியர் மின்னோட்டம் 30 நிமிடம் பாய்ந்தால் 900 கூலோம் செல்லும். படியும் செம்பு ஏறக்குறைய 0.3 கிராம். தராசு 0.1 கிராமினை மட்டுமே காட்டுமாயின், அவ்வளவு சிறிய திணிவில் எந்த முடிவுக்கும் வருதல் இயலாது. இரண்டு மணி நேரம் விட்டால் 1.2 கிராம் கிடைக்கும். அவசரப்பட்டு மின்னோட்டத்தை மிகைப்படுத்தினாலோ, செம்பு கருநிறத் தூளாய்ப் படிந்து உதிர்ந்துவிடும். செப்புத் தகட்டிற்குப் பதிலாக இரும்பு ஆணியை இடுவதும் பிழை. மின் இல்லாமலே அதன்மேல் செம்பு படியுமாதலால் அளவு குழம்பும்.

கடல் அருகில் இருப்பதனால் கடல்நீரையே மின்பகுக்க மாணவர் ஆவல் கொள்ளக்கூடும். அதிலிருந்து நச்சு வாயுவான குளோரீன் வெளிவரும். ஆசிரியரின் மேற்பார்வையில், காற்றோட்டமான இடத்தில், சிறிதளவு நீரைக் கொண்டே அதனைச் செய்தல் வேண்டும். வீட்டு மின்னிணைப்பை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தலாகாது. 1840இல் எல்கிங்ரன் குடும்பத்தார் வெள்ளி முலாமிடலுக்கு உரிமம் பெற்ற முறையில் சயனைட்டுக் கரைசல் இடம்பெற்றது. அது பாடசாலைக்கு முற்றிலும் விலக்கு.

கிடைத்த எண் கணக்கிட்ட எண்ணோடு ஒத்து வராதபோது, அதனைத் திருத்தி எழுதும் ஆசை மாணவனுக்கு உண்டாகலாம். பளபளக்கும் முலாமைவிட, உள்ளவாறு எழுதப்பட்ட குறிப்பேடே மதிப்பு மிக்கது. தகடு ஈரமாயிருந்ததா, மின்னோட்டம் இடையிலே தளர்ந்ததா என்று தேடி, மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்க்கும் மாணவனே பரடே நடந்த வழியில் நடப்பவன் ஆவான்.