மழை மறைவில் முளைத்த கரும்பு: ஃபிஜியின் நிலத்தை வாசித்தல்

சுற்றுலா அட்டையில் ஃபிஜி என்றால் தென்னை, நீலக்கடல், வெண்மணல். வரலாறே நடக்காத இடம் மாதிரி. ஆனால் எந்த நிலக்காட்சியும் சும்மா கிடப்பதில்லை. யாரோ அதை எழுதியிருக்கிறார்கள். யாரோ அதில் அழிக்கப்பட்டிருக்கிறார்கள்.

330க்கும் மேற்பட்ட தீவுகளில் விட்டி லெவு, வனுவா லெவு என்ற இரண்டே நிலப்பரப்பின் பெரும்பகுதி. இரண்டும் எரிமலையில் பிறந்தவை. விட்டி லெவுவின் உள்நாட்டு மலைகளில் உயரமானது தொமனிவி, 1324 மீட்டர். தென்கிழக்குக் காற்று இம்மலைகளில் மோதிக் கிழக்கே கொட்டித் தீர்த்துவிடுகிறது. சுவாவில் ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. மேற்கே நாண்டியும் லௌத்தோகாவும் மழை மறைவில் காய்கின்றன.

இந்தக் காய்ச்சலில்தான் மூலதனம் கண் வைத்தது. கரும்பு தீவுக்குப் புதிதல்ல, ஆலைக்கரும்புதான் புதிது. சி.எஸ்.ஆர். என்ற ஆஸ்திரேலியச் சர்க்கரைக் கம்பெனி 1882இல் கிழக்கே ரேவா ஆற்றோரம் நவுசோரியில் ஆலை வைத்தது. வளர மழை வேண்டும், முற்றிச் சர்க்கரை ஏற வெயில் வேண்டும். அந்தக் கணக்கு மேற்கில்தான் சரிப்பட்டது. 1903இல் லௌத்தோகா ஆலை வந்தது. அதே 1903இல்தான் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பலும் போய்ச் சேர்ந்தது. கல்கத்தாவிலிருந்து 1879லேயே ஆள் போக ஆரம்பித்தாயிற்று. 1916 வரை 60,000க்கும் அதிகமானோர். மேற்குச் சமவெளியைக் கரும்புக்காடாக்கியது இவர்கள் உடம்பு.

நம் திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். கருவும் உரியும் அதைச் சார்ந்தவை. ஃபிஜியில் கருப்பொருளைக் கம்பெனி தீர்மானித்தது. உரிப்பொருள் கண்ணீராயிற்று. உரிமை மட்டும் வரவேயில்லை.

ஏன் வரவில்லை? 1874இல் தீவுகள் பிரிட்டிஷார் கைக்குப் போயின. ஆளுநர் ஆர்தர் கோர்டன் பூர்வகுடி நிலம் விற்பனையாவதைத் தடுத்தார். இன்றும் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நிலம் அவர்களின் குலங்களிடமே. அவர்கள் மொழியில் 'வனுவா' என்றால் மண், மக்கள், வழக்காறு மூன்றும் சேர்ந்தது. திணைக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிற சொல். பக்கத்து ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இந்தப் பாதுகாப்பைக் குறைசொல்ல மனம் வராது. ஆனா இதே பாதுகாப்புத்தான் பூர்வகுடியைக் கிராமத்தில் நிறுத்தி, கூலியைக் கடல்கடந்து வரவழைத்தது. ஒரே கையெழுத்து, இரண்டு விலங்கு.

ஒப்பந்தம் தீர்ந்தவர்கள் குத்தகைதாரரானார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 30 ஆண்டுக் குத்தகை. 1997 முதல் அவை முடியத் தொடங்கின. புதுப்பிக்கப்படாத பலர் நகர விளிம்புக் குடிசைகளுக்கு ஒதுங்கினார்கள். 1987, 2000 ஆட்சிக்கவிழ்ப்புகளும் மண்ணின் பெயரைச் சொல்லித்தான் நடந்தன.

பாரதியின் கரும்புத் தோட்டப் பாட்டு நமக்குத் தெரியும். அந்த அழுகை உண்மை. ஆனால் அப்பாட்டில் தீவின் சொந்த மக்கள் இல்லை. நாமும் அழுகையை மட்டும் வாங்கிக்கொண்டோம். அது யாருடைய மண் என்று கேட்கவில்லை.

லௌத்தோகா வயலொன்று ஒருத்தருக்குப் பாட்டன் முதுகொடிந்த இடம். இன்னொருத்தருக்கு வனுவா. இரண்டும் பொய்யில்லை. இருவரையும் எதிரெதிரே நிறுத்திய கம்பெனி 1973இல் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. கேள்வி மட்டும் வயலிலேயே நிற்கிறது.