வண்டி மை முதல் 0டபிள்யூ-20 வரை: எல்லை மலைச்சாலைகளில் எஞ்சின் எண்ணெயின் வரலாறு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏறுகிறது. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலைப் பகுதிக்குப் போகும் ஜீப்புகள் விடியற்காலையில் இவ்வேற்றத்தைத் தொடங்குகின்றன. வடக்கே, வாளையாற்றைத் தாண்டினால் நிலைமை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயில் சாலை சமதளமாகச் செல்கிறது. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிறது. மூணாறிலோ குளிர்கால விடியலில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கிப் புல்லில் உறைபனி படிகிறது. இவ்விரு எல்லைகளிலும் ஓடும் அன்றாடக் காருக்கு எந்த எஞ்சின் எண்ணெய் பொருந்தும் என்பது கடை முகப்பில் கேட்கப்படும் எளிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், அதற்குப் பட்டறைகளில் சொல்லப்படும் விடைக்கும் வாகனக் கையேட்டில் அச்சிடப்பட்ட விடைக்கும் இடையே பல நேரங்களில் முரண் காணப்படுகிறது. அம்முரண் தோன்றிய வழியைத் தேடினால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று விரிகிறது.

மோட்டார் வருவதற்கு முன்பே உராய்வைக் குறைக்கும் அறிவு இம்மண்ணில் இருந்தது. மாட்டுவண்டியின் இருசுக்கு இடப்பட்ட 'வண்டி மை' அதற்குச் சான்று. வைக்கோலைக் கரித்துப் பொடியாக்கி, விளக்கெண்ணெயில் குழைத்து, மூங்கில் குழாயில் அடைத்து வண்டியிலேயே கட்டித் தொங்கவிடுவர். எண்ணெய் வழிந்தோடாமல் இருசில் தங்குவதற்குக் கரி உதவியது. 'ஒட்டி நிற்கும் மையே நல்ல மை' என்பது வண்டிக்காரர் தம் கைவிரலால் சோதித்து அறிந்த உண்மை. பின்னாளில் மோட்டார் பட்டறையில் எண்ணெயை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கும் பழக்கத்தில் இவ்வறிவின் தொடர்ச்சியைக் காணலாம்.

அதே விளக்கெண்ணெய் உலக மோட்டார் வரலாற்றிலும் இடம்பெற்றது. 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்ட் இலண்டனில் மசகு எண்ணெய் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1909இல் அந்நிறுவனம் ஆமணக்கெண்ணெய் கலந்த மோட்டார் எண்ணெய்க்கு, ஆமணக்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே 'காஸ்ட்ரால்' எனப் பெயரிட்டது. முதல் உலகப் போர்க்கால விமானங்களின் சுழல் எஞ்சின்களும் ஆமணக்கெண்ணெயை நம்பி இயங்கின. பெட்ரோலில் அது எளிதில் கரையாது என்பது காரணம். ஆயினும் அவ்வெண்ணெய் வெப்பத்தில் பிசினாக இறுகும் குறையுடையது. கனிம எண்ணெய் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியபின் அன்றாடக் கார்களிலிருந்து அது விலகியது.

உயர்மலைப் பகுதியின் போக்குவரத்து மோட்டாருடன் தொடங்கவில்லை. மூணாறின் தேயிலையைக் கீழிறக்க 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது; 1908இல் அது குறுகிய ரயில் பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே சரக்கு கொட்டகுடிக்கு இறங்கிப் போடியைச் சென்றடைந்தது. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் ரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவில்லை. அதன்பின் மலையின் பொருளியல் சாலையைச் சார்ந்தது. சாலை மோட்டாரைச் சார்ந்தது. மோட்டார், கடல் கடந்து வந்த எண்ணெயைச் சார்ந்தது.

அவ்வெண்ணெயுடன் ஓர் எண் முறையும் வந்தது. 1911இல் அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ, எண்ணெய்களை அவற்றின் பாகுத்தன்மையைக் கொண்டு வகைப்படுத்தியது. இன்றைய வரையறைப்படி, 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் பாகுத்தன்மை உடையது 30, 12.5 முதல் 16.3க்குள் அடங்குவது 40, 16.3 முதல் 21.9க்குள் அடங்குவது 50. எண்ணுடன் சேரும் 'டபிள்யூ' என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. 20டபிள்யூ எண்ணெய் சுழியத்துக்குக் கீழ் 15 டிகிரியிலும், 10டபிள்யூ 25 டிகிரியிலும், 5டபிள்யூ 30 டிகிரியிலும் எஞ்சினைச் சுழலவிடும் தன்மைக்காகச் சோதிக்கப்படுகின்றன. பாலக்காட்டின் வாகனம் எதுவும் காணாத குளிர் இது. மூணாறின் உறைபனிகூட அதன் அருகில் வருவதில்லை. ஆகவே இப்பகுதியின் ஓட்டுநர்கள் முன்னெண்ணைப் பொருட்படுத்தாமல் பின்னெண்ணை மட்டும் பார்த்தனர். பின்னெண் கூடக்கூட எண்ணெய் 'கனம்' கூடுகிறது. வெப்பநாட்டுக்குக் கனமான எண்ணெயே காப்பு என்ற முடிவு இவ்வழியில் உருவானது.

இம்முடிவை அறியாமை என ஒதுக்குதல் வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது. விடுதலைக்குப் பிந்தைய முப்பதாண்டுகளின் வாகனங்களை நோக்கினால் அதன் ஏரணம் விளங்கும். 1940களின் இறுதியில் மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது. 1950களின் பிற்பகுதியில் அம்பாசடர் வந்தது. அக்கால எஞ்சின்களில் உறுப்புகளுக்கு இடையேயான இடைவெளிகள் அதிகம். தேயத் தேய அவை மேலும் விரிந்தன. கிடைத்த எண்ணெய்களோ பெரும்பாலும் ஒற்றை எண் வகையின. குளிர்ந்த நிலையில் கனமாக இருக்கும் அவை, வெப்பம் ஏறியதும் விரைந்து இளகின. மெல்லிய எண்ணெய் ஊற்றினால் அது பிஸ்டன் வளையங்களைத் தாண்டிச் சென்று புகையாக வெளியேறும். அழுத்தம் காட்டும் முள் ஏற்றத்தின் பாதியிலேயே கீழே விழும். போடிமெட்டு வளைவில் சுமையுடன் நின்றுபோகும் வண்டி என்பது ஓட்டுநருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. உள்ளே இருப்பவர்க்கு உயிரச்சம். கனமான எண்ணெய் அன்று அச்சத்துக்குக் கிடைத்த மருந்து.

தரம் குறித்த ஐயமும் இதனோடு சேர்ந்தது. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றப்பட்ட எண்ணெயில் கலப்படம் எளிது. பயன்படுத்திய எண்ணெயை வடிகட்டி மீண்டும் விற்பதும் நிகழ்ந்தது. விரலில் தேய்க்கும்போது தெரியும் கனம் ஒன்றே வாங்குவோர்க்குக் கிட்டிய சோதனை. 1969இல் மணலியில் மதராஸ் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கி, மசகு எண்ணெய்க்கான அடிப்படை எண்ணெயையும் உற்பத்தி செய்தது. 1972இல் இந்தியன் ஆயில் நிறுவனம் 'சர்வோ' என்ற பெயரில் தன் மசகு எண்ணெய்களை அறிமுகப்படுத்தியது. பரீதாபாத்தில் அதன் ஆய்வு மையம் அமைந்ததும் அதே ஆண்டில்தான். இடுக்கி மாவட்டம் உருவானதும் 1972 சனவரியில் என்பது தற்செயலான ஒற்றுமை. 1974 முதல் 1978 வரையிலான காலத்தில் எஸ்ஸோ, பர்மா ஷெல், கால்டெக்ஸ் ஆகியவற்றின் இந்திய வணிகம் அரசுடைமையாயிற்று. மசகு எண்ணெய்களின் பதப்படுத்தலையும் வழங்கலையும் ஒழுங்குபடுத்த 1987இல் தனி ஆணையே பிறப்பிக்கப்பட்டது. கலப்படச் சிக்கலின் அளவை அவ்வாணையே உணர்த்துகிறது.

இதற்கிடையே எண்ணெயின் உள்ளியல்பு மாறியிருந்தது. வெப்பத்தால் பாகுத்தன்மை எவ்வளவு மாறுகிறது என்பதை அளக்கும் குறியீட்டை 1929இல் டீன், டேவிஸ் ஆகிய இருவர் வகுத்தனர். 1940களில் துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய தேய்மானத் தடுப்புச் சேர்மங்கள் பரவின. கசடைத் திரளவிடாமல் எண்ணெயிலேயே மிதக்க வைக்கும் சேர்மங்கள் அவற்றைத் தொடர்ந்தன. 1950களில் பல்நிலை எண்ணெய்கள் சந்தைக்கு வந்தன. நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் சேர்க்கப்பட்ட அவை குளிரில் மெல்லிய எண்ணெயாகவும் வெப்பத்தில் சற்றுக் கனமான எண்ணெயாகவும் ஒழுகின. பாகுத்தன்மை தரத்தைக் காட்டாது என்பது இக்கட்டத்தில் உறுதியாயிற்று. தரத்தைக் குறிக்க அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தனி எழுத்து வரிசை உண்டு: பெட்ரோல் எஞ்சினுக்கு 'எஸ்' என்றும் டீசல் எஞ்சினுக்கு 'சி' என்றும் அது தொடங்கும். 2010இல் 'எஸ்என்', 2020இல் 'எஸ்பி' என அவ்வரிசை நீண்டது. எனினும் கடைப் பேச்சில் இன்றும் பாகு எண்ணே முதலிடம் பெறுகிறது. இரண்டாம் எழுத்தைக் கேட்போர் குறைவு.

1983 திசம்பரில் வந்த மாருதி 800 நடுத்தரக் குடும்பத்தைக் காருக்கு உரிமையாளராக்கியது. சிறிய, விரைந்து சுழலும், நெருங்கிய இடைவெளிகள் கொண்ட எஞ்சின் அதனுடன் பரவலாயிற்று. அடுத்த தலைமுறை எஞ்சின்கள் இன்னும் நுட்பமாயின. வால்வுகளின் நேரத்தை மாற்றும் கருவிகள் எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்கலாயின. குறுகிய துளைகள் வழியே எண்ணெய் விரைந்து பாய்ந்தாக வேண்டும். 2017 முதல் நடைமுறைக்கு வந்த சராசரி எரிபொருள் திறன் விதிகள் ஒவ்வொரு துளி எரிபொருளையும் கணக்கில் கொண்டன. கனமான எண்ணெயைத் தள்ளுவதற்கும் எரிபொருள் செலவாகிறது. எனவே 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என எண்கள் கீழிறங்கின. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 வந்தபின், புகைக்கரி வடிகட்டி பொருத்திய டீசல் கார்களுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் கட்டாயத் தேவையாயிற்று. பழைய வகை எண்ணெய் எரிந்து எஞ்சும் சாம்பல் அவ்வடிகட்டியை அடைத்துவிடும். அதை மாற்றும் செலவு ஒரு குடும்பத்தின் பல மாத வரவை விழுங்கும்.

பட்டறை மரபும் கையேடும் மோதும் புள்ளி இதுவே. '0டபிள்யூ-20 தண்ணீர் போல் இருக்கிறது. பாலக்காட்டு வெயிலுக்குத் தாங்காது' என்ற ஐயம் இயல்பானது. ஆனால் எஞ்சினுக்குள் நிலவும் வெப்பத்தை வெளியே அடிக்கும் வெயில் முடிவு செய்வதில்லை. குளிர்விப்பு அமைப்பு சீராக இருக்குமாயின், எஞ்சின் நீர் பாலக்காட்டிலும் மூணாறிலும் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே நிற்கும். எண்ணெயின் வெப்பம் அதனை ஒட்டியோ சற்று மேலாகவோ இருக்கும். 150 டிகிரி வெப்பத்தில் கடும் நறுக்குவிசையின்கீழ் எண்ணெய்ப் படலம் எவ்வளவு உறுதியாக நிற்க வேண்டும் என்பதற்கும் எஸ்ஏஇ தனி அளவு வகுத்துள்ளது. 20 வகைக்கு அது 2.6, 30 வகைக்கு 2.9 மில்லிபாஸ்கல் நொடி. எஞ்சினை வடிவமைத்தோர் தாங்கிகளின் இடைவெளியை இவ்வளவுக்கு ஏற்பவே அமைத்துள்ளனர். 20க்கென அமைந்த எஞ்சினில் 50 ஊற்றினால் காப்பு மிகுவதில்லை. குளிர்ந்த விடியலில் மேல்பகுதி உறுப்புகளை எண்ணெய் சென்றடையத் தாமதமாகிறது. அத்தொடக்க நொடிகளில் தேய்மானம் மிகக்கூடும்.

மாறாக, பழைய டீசல் ஜீப்பில் 0டபிள்யூ-20 ஊற்றுவதும் அதே அளவு பிழை. 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 போன்றவற்றையே அதன் விரிந்த இடைவெளிகள் கேட்கின்றன. பட்டறை அறிவு அங்கு இன்றும் செல்லுபடியாகிறது. நிலம் கேட்பது வேறொன்று. சுமையுடன் நெடுநேரம் முதல், இரண்டாம் கியரில் ஏறும் வண்டிக்கும், மழைக்கால மலையூரில் இரண்டு, மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் காருக்கும் எண்ணெய் விரைவில் கெடும். பின்னதில் எஞ்சின் முழுமையாகச் சூடேறுவதில்லை. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் எண்ணெயில் கலக்கின்றன. மூடியின் அடிப்பக்கத்தில் காணும் வெளிறிய நுரை அதன் அடையாளம். இத்தகைய பயன்பாட்டைக் கையேடுகள் 'கடும் பயன்பாடு' என்று வகுத்து, மாற்றும் கால அளவைக் குறைக்கின்றன. ஆக, எந்த எண் என்பதை எஞ்சின் முடிவு செய்கிறது. எப்போது மாற்றுவது என்பதைச் சாலை முடிவு செய்கிறது.

வடிக்கப்பட்ட கறுப்பு எண்ணெய்க்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. வேலிக்காலுக்கும் மரச்சட்டத்துக்கும் கரையான் அண்டாதிருக்க அதைப் பூசுவது எளிய மக்களின் சிக்கனம். ஆயினும் அவ்வெண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்களும் எரிபொருளின் நச்சு எச்சங்களும் உள்ளன. மழை அதை முதிரப்புழைக்கோ பாரதப்புழைக்கோ கொண்டு சேர்க்கும். இந்தியச் சட்டம் அதனை அபாயக் கழிவு என வகைப்படுத்துகிறது. 2023இல் அறிவிக்கப்பட்டு 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பயன்படுத்திய எண்ணெயை மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீதும் சுமத்தியுள்ளன. சாலையோரப் பட்டறையின் தகர டப்பாவிலிருந்து மறுசுழற்சி ஆலை வரையிலான வழி எவ்வாறு அமைகிறது என்பதில்தான் அவ்விதியின் பயன் அடங்கியுள்ளது.

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பயன்படுத்தியோரின் பக்கத்திலிருந்து நோக்கினால் வேறொரு காட்சி தெரிகிறது. வண்டி மையைக் குழைத்தவரும், போடிமெட்டில் அழுத்த முள்ளைப் பார்த்தபடி வண்டி ஓட்டியவரும், எண்ணெயை விரலில் தேய்த்துப் பார்த்த பட்டறைக்காரரும் தத்தம் காலத்து எஞ்சினுக்குச் சரியான விடையையே கண்டிருந்தனர். எஞ்சின் மாறியபின்னும் விடை மாறாமல் நின்றதே இன்றைய இடர். ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட கையேட்டுக்கும் தமிழிலும் மலையாளத்திலும் நடக்கும் பட்டறைப் பேச்சுக்கும் இடையே உள்ள தொலைவு அவ்விடரை வளர்த்தது. வாளையாற்றிலும் போடிமெட்டிலும் தொழில் கற்ற மூத்த பழுதுபார்ப்போர் பலர் இன்றும் உள்ளனர். அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்யும் பணி, கையேட்டின் எண்களுக்கும் கைவிரலின் அறிவுக்கும் இடையே அறுந்த இழையை மீண்டும் இணைக்கும்.