அறபியின் கை

‘த ஷெய்க்’ 1921இல் ஹொலிவூட்டில் வெளியான மௌனப்படம். ஈ. எம். ஹல் என்ற ஆங்கிலப் பெண்மணி 1919இல் எழுதிய நாவலே அதன் மூலம். பாலைவனத்து ஷெய்க் அஹ்மத், டயானா என்ற ஆங்கிலச் சீமாட்டியைக் கடத்திச் செல்கிறான். பிறகு காதல் மலர்கிறதாம். (கடத்தல் எப்படிக் காதலாயிற்று என்பது தனியே பேசவேண்டிய விடயம்.) ஷெய்க்காக நடித்தவர் இத்தாலியில் பிறந்த ருடோல்ஃப் வலன்டினோ.

அக்காலத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் வெள்ளையர் வேற்றினத்தவரை மணப்பதைச் சட்டமே தடுத்தது. ஆகவே கதைக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. காயமுற்று மயங்கிக் கிடக்கும் ஷெய்க்கின் கையைப் பார்த்து, ஓர் அறபிக்கு இவ்வளவு பெரிய கையா என்று வியக்கிறாள் டயானா. அவர் அறபியே அல்லர், தந்தை ஆங்கிலேயர், தாய் ஸ்பானியப் பெண் என்கிறார் பிரெஞ்சு நண்பர். தடை நீங்கிவிட்டது!

எஞ்சுகின்ற அறபி, டயானாவைத் தூக்கிச் செல்லும் கொள்ளைக்காரன் ஒமைர். அந்த வேடத்தில் வந்தவரும் அறபி அல்லர். வோல்டர் லோங் என்ற வெள்ளை அமெரிக்கர். 1915இல் ‘த பேர்த் ஒஃப் எ நேஷன்’ படத்தில் முகத்தில் கரி பூசிக்கொண்டு, வெள்ளைப் பெண்ணைத் துரத்தும் கறுப்பினத்தவன் கஸ்ஸாக நடித்தவரும் இவரே.